நெல் காய்ந்த வருடத்துப் படங்கள்

போன வருடம் ஐப்பசி மாதக் கடைசியில், மாரி மழை பிடிக்கத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது இது. இடம், மன்னார் நகரில் நான் வேலை செய்யும் கந்தோர், அதாவது அலுவலகம். கந்தோர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரும்புக் கடை ஒன்றுக்கு மேலே இரண்டு அறைகள், அவ்வளவுதான். கீழே கம்பி அறுக்கும்போது எங்கள் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை நடுங்கும்.

மற்றவர்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. ஐஸ் தொழிற்சாலை, கூட்டுறவுச் சங்கக் கடை, சிறிய வைத்திய நிலையங்கள் என்று பல இடத்தவர்கள் எங்களிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. நாங்கள் இருந்த இடத்தில் இருந்தே இணையம் வழியாக அதற்குள் போய்த் திருத்துவோம். படங்களும் பொத்தான்களும் உள்ள திரை அல்ல. கறுப்புத் திரை. அதில் ஒரு கட்டளையை எழுத்தில் தட்டினால் அங்கே ஒரு வேலை நடக்கும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். படித்து முடித்த கையோடு கல்யாணம், பிறகு மகள். நாலைந்து வருடம் கணினியைத் தொடவே இல்லை. இந்த வேலை கிடைத்தபோது மகளுக்கு மூன்று வயது. அவளைப் பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சாளிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம் விட்டுவிட்டு, நானாட்டானில் இருந்து காலை பஸ்ஸில் வருவேன். தள்ளாடிச் சந்தியைத் தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போது, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி, நான் செய்வது சரிதானா என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பேன். முதலில் என்னைத் தவணைக்குத்தான் எடுத்திருந்தார்கள். வேலை பிடிபட்டால் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை. நிறுத்திவிட்டால் வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

எனக்கு வேலை பழக்கியவர் என்னைவிட வயதில் சிறியவர், பேசாலைப் பக்கத்துப் பெடியன். முதல் நாள் நான் அவரை 'சேர்' என்று கூப்பிட, அவர் கூச்சப்பட்டு, "அக்கா, தம்பி எண்டே சொல்லுங்கோ, சேர் எண்டால் நான் ஆரோ எண்டு திரும்பிப் பாக்கிறன்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்குத் தம்பி, நான் அவருக்கு அக்கா. ஆனால் வேலையில் அவர்தான் எனக்கு மேல்.

கறுப்புத் திரையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது, நான் இப்போது எந்த இடத்தில் நிற்கிறேன் என்று கேட்கும் கட்டளை. மூன்றே எழுத்து. தட்டினால், நீ இன்ன ஃபோல்டருக்குள் நிற்கிறாய் என்று உடனே சொல்லும். என்னைப் போன்ற ஒருத்திக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அடுத்தது, இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளை. இரண்டையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருப்பேன். தம்பி எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "அக்கா, நீங்கள் இன்னும் அங்கதான் நிக்கிறியள். ஒருத்தரும் உங்களைத் தூக்கிக்கொண்டு போகேல்லை."

பிடிக்காதது ஒன்றும் இருந்தது. கொடுத்த வேலை சரியாக நடந்துவிட்டால் அந்தத் திரை ஒன்றுமே சொல்லாது. 'சரி' என்றுகூடச் சொல்லாது. பிழைத்தால் மட்டும்தான் வாய் திறக்கும். அழிக்கும் கட்டளை இன்னும் மோசம். உண்மையாகவே அழிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்காது. தட்டினால் போயிற்று, திரும்ப எடுக்க வழியில்லை. வீட்டை விட்டு இறங்கினால் காஸ் பூட்டினேனா என்று இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். என் கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், வாசல் படலையடியில் எஞ்சினைப் போட்டபடியே காத்திருக்கப் பழகிவிட்டார்.

இந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேர்த்து வைத்தால் அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஒரு தரம் எழுதிவிட்டால் பிறகு அதன் பெயரைத் தட்டினால் போதும், எல்லா வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். நான் வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில் மச்சாளுக்கு இப்படித்தான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். எழும்பியதும் பால், பிறகு குளிப்பு, இருமினால் தலை முழுகவிடக்கூடாது என்று. மச்சாள் அதை வாசித்துவிட்டு, "நாலு பிள்ளையை வளத்த எனக்கு நீ சட்டம் எழுதித் தாறாய்" என்று சிரித்தபடி சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டா. தாளில் நான் என்ன எழுதியிருந்தாலும் மச்சாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் செய்வா. கணினி அப்படியில்லை. எழுதியதை மட்டும் செய்யும், முகம் பார்க்காது. இந்த வித்தியாசம் மனதில் பதிந்த பிறகுதான் எனக்கு ஸ்கிரிப்ட் எழுத வந்தது.

தவணை முடிய இருந்த நேரத்தில் எனக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதும் வேலையைத் தம்பி தந்தார். எங்கள் ஊர்ப் பக்கம், நானாட்டானுக்குப் போகும் வழியில், ஒரு சிறிய தனியார் ஸ்கேன் நிலையம் இருக்கிறது. திறந்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். சனிக்கிழமைகளில் வெளியூரில் இருந்து வைத்தியர் வருவார். பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றுப் படம் எடுக்க அங்கே வருவார்கள். அங்கே உள்ள கணினியில் படங்கள் சேர்ந்து சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. ஒரு வருடத்துக்கு முந்திய படங்களை ஏற்கெனவே சீடியில் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் கணினியில் இருக்கும் பழைய படங்களை அழித்துவிடலாம். புதிய படங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. அவற்றில் கை வைக்கக்கூடாது.

ஒரு வருடத்துக்கு முந்திய திகதி உள்ள படங்களைத் தேடி அழி என்று நான் எழுதினேன். நான்கைந்து வரிதான். தம்பி பார்த்துவிட்டு நல்லது என்றார். நீர்கொழும்பில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். வெள்ளி மத்தியானமே ரயில் ஏறிவிட்டார். போகும்போது, பின்னேரம் ஸ்கேன் நிலையத்தில் ஆட்கள் குறைந்ததும் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலையை முதன்முதல் தனியாக நான்தான் செய்யவேண்டும். இடத்தைத் துப்புரவாக்காவிட்டால் அடுத்த நாள் அந்த மெசின் புதிதாகப் படம் பிடிக்காது. வைத்தியர் வந்து சும்மா இருப்பார், வந்த பெண்கள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

அழி என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் முதலில் 'காட்டு' என்று மாற்றி ஓட்டினேன். எதை அழிக்கப் போகிறாய் என்று முன்கூட்டியே காட்டச் சொல்வது. இது எல்லாருக்கும் சொல்லித் தருகிற பழக்கம்தான். ஆனால் அநேகமானோர் மேலே நாலு வரியைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நான் கீழே கடைசி வரை உருட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகவே வந்தது. கடைசியில் மட்டும் ஒரு கொத்துப் படங்கள், எல்லாவற்றுக்கும் பத்து வருடத்துக்கு முந்திய ஒரே திகதி.

உடனே தம்பிக்கு அழைத்தேன். ரயில் ஓடும் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப அது இன்னும் பழசு தானே அக்கா. கொம்பியூட்டர் பொய் சொல்லாது, பயப்பிடாம ஓட்டுங்கோ" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தார். ரயில் காட்டுக்குள் போயிருக்க வேண்டும், தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை.

அவர் சொன்னது நியாயம்தான். பத்து வருடம் என்பது ஒரு வருடத்தைவிடப் பழையது. நான் 'காட்டு' என்பதைத் திரும்ப 'அழி' என்று மாற்றினேன். ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினேன். என்டரை அமுக்கவேண்டியது மட்டும்தான் மிச்சம். விரல் போகவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. இது சந்தேகமா, அல்லது வழக்கமான பயமா என்று எனக்கே தெரியவில்லை. காஸைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவளின் மனம் சொல்வதை எப்படி நம்புவது? வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. என்னுடைய பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகள் படலையில் வந்து நிற்பாள். அழித்துவிட்டுப் போனால் சொன்ன வேலையைச் செய்தவள் என்று பெயர் எடுக்கலாம். அழிக்காமல் போனால், இவளை நம்பி ஒன்றைக் கொடுக்க முடியாது என்றுதானே நினைப்பார்கள்?

அந்தத் திகதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம். அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வயலில் அறுவடை முடிந்து, மழைக்கு முன் நெல்லைக் காயவைக்க அப்பா படாத பாடுபட்டார். றோட்டோரத்தில் இருந்த சீமெந்துத் தளத்தில் எங்களுக்கு ஒரு மூலைதான் கிடைத்தது. நான் கால்களால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது, உழவு இயந்திரத்தில் மூட்டை ஏற்ற வந்த ஒரு பெடியன் பின்பக்கமாக எடுக்கும்போது பெரிய சில்லை எங்கள் நெல்லின்மேல் ஏற்றிவிட்டான். அப்பா அவனை அங்கேயே வைத்து நன்றாக ஏசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, சில்லில் ஒட்டியிருந்த நெல்லை எல்லாம் கையால் தட்டித் தட்டிக் கொட்டினான். அந்தப் பெடியனைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்தேன்.

அந்தத் தளம் இருந்த இடம் நினைவில் வந்ததும் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் தளத்தை இடித்துத்தான் ஸ்கேன் நிலையத்தைக் கட்டினார்கள். இன்றும் அதன் பின்பக்கத்தில் தளத்தின் ஒரு துண்டு மிச்சம் கிடக்கிறது. இந்தப் படங்களின் திகதியில் அங்கே ஸ்கேன் மெசினும் இல்லை, கூரையும் இல்லை. நெல்தான் காய்ந்துகொண்டிருந்தது.

தட்டிய பெயரை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, ஸ்கேன் நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் வீட்டுக்குப் போகக் குடையைக் கையில் எடுத்திருந்தாளாம். உங்கள் கணினியில் திகதி எப்போதாவது பிழையாகக் காட்டுமா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, கரண்ட் போய் வந்தால் எங்கயோ பழைய வருசத்தில வந்து நிக்கும். பிறகு லைன் வந்தோண்ண தானாச் சரியாகும். அதால நான் கணக்கெடுக்கிறேல்லை" என்றாள், மிகச் சாதாரணமாக.

கணினிக்குள் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு சின்னப் பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் மணிக்கூட்டை ஓடவைப்பது அதுதான். அது செத்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கணினி தான் செய்யப்பட்ட காலத்திலேயே கண்விழிக்கும். இணைய இணைப்புக் கிடைத்ததும் வெளியே கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் மாரி காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் ஒரு நேரம் வரும், இணைப்பு இன்னொரு நேரம் வரும். இரண்டுக்கும் நடுவில் எடுத்த படங்கள் எல்லாம் பத்து வருடப் பழையவையாகக் கணினியில் பதிந்துவிட்டன. படத்தைப் போட்டுக் கொடுக்கும் உறையின்மேல் திகதியை அந்தப் பிள்ளை கையால் எழுதுவதால் வெளியே ஒருவருக்கும் இது தெரியவரவில்லை. அந்தக் கொத்தில் இருந்தவை மழை தொடங்கிய இந்தச் சில வாரங்களில் எடுத்த, மிகப் புதிய படங்கள்.

அவற்றில் முக்கியமாக ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மறிச்சுக்கட்டியில இருந்து ஒரு அக்கா வாறவ. பிள்ளை வளர்ச்சி காணாதெண்டு டொக்டர் போன முறை சொன்னவர். நாளைக்கு எடுக்கிற படத்தைப் பழைய படத்தோட வச்சுப் பாக்கவேணும் எண்டவர். அது கரண்ட் போய் வந்த அண்டைக்கு எடுத்தது அக்கா."

தொலைபேசியை வைத்துவிட்டு, தம்பி நல்லது என்று சொன்ன அந்த நான்கைந்து வரியையும் திரும்பத் திறந்தேன். பிறகு ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். நிலையம் திறந்த நாளுக்கு முந்திய திகதி எந்தப் படத்தில் இருந்தாலும் அதைத் தொடாதே என்று. திரும்பவும் 'காட்டு' என்று ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கொத்து இப்போது வரவில்லை. இன்னொரு தரம் ஓட்டினேன். உண்மையாகப் பழையவை மட்டும் வந்தன. மூன்றாவது தரம் ஓட்டவேண்டும் போல இருந்தது. ஓட்டவில்லை. 'அழி' என்று மாற்றி என்டரை அமுக்கினேன்.

திரை வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். தேவையான இடம் கிடைத்திருந்தது, புதிய படங்கள் இருந்த இடத்தில் இருந்தன. அந்த மௌனம் அன்றைக்கு எனக்குப் பயமாக இருக்கவில்லை.

வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்ததில் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். மகள் சாப்பிட்டுவிட்டு மச்சாளின் மடியில் கால் நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தேடியதாகவே தெரியவில்லை. கணவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டார். முடிவில், "அப்ப உன்ர அப்பாட்ட நான் வாங்கின ஏச்சு வீண்போகேல்லை" என்றார்.

அடுத்த நாள் சனி. நகரில் மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும் அந்தச் சின்னப் பற்றரியைக் கணவர் காலையிலேயே போய் வாங்கி வந்தார். நானே ஸ்கேன் நிலையத்துக்குப் போனேன். சுவரோரத்து வாங்கு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை என்னை உள்ளே கூப்பிடும் வரை நானும் வாங்கின் ஓரத்தில் இருந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு வயிறு கொஞ்சம்தான் தெரிந்தது. முக்காட்டு நுனியை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தா. விடியவே வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வந்ததாகத் தாய் சொன்னா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் டொக்டரிட்டக் காட்டவா வந்தீங்க, மகள்?" என்று கேட்டா.

"இல்லையம்மா, உள்ளுக்கு ஒரு மணிக்கூடு ஓடேல்லை. அதைத் திருத்த வந்தனான்" என்றேன்.

"ஆ" என்று தலையாட்டிவிட்டு அவ மகளின் பக்கம் திரும்பிவிட்டா. அவர்கள் மறிச்சுக்கட்டிக்காரர்தானா என்று நான் கேட்கவில்லை. நான் பற்றரியை மாற்றிக் கணினியைத் திரும்பப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகு, வைத்தியர் ஒரு பெண்ணை உள்ளே அழைத்து, இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்ப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. பிறகு அந்தத் தாயும் மகளும் வெளியே வந்தார்கள். தாய் சிரித்துக்கொண்டே வந்தா. மகள் விரலில் சுற்றியிருந்த முக்காட்டை விட்டிருந்தா. பிள்ளை வளர்ந்திருக்கிறதாம், வாங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி தாய் சொன்னா.

கல்யாணம் முடிந்து வந்த தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நான் சேர்த்த வரியைப் பார்த்துவிட்டு, "நான் இருந்திருந்தால் ஓட்டியிருப்பன் அக்கா" என்றார். பிறகு நாங்கள் பொறுப்பாக இருக்கும் மற்ற இடங்களிலும் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னார். தவணை முடிந்ததும் என்னை வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். இன்றைக்குக் காலையும் காஸைப் பார்க்கத் திரும்பிப் போனேன், அவர் எஞ்சினைப் போட்டபடி காத்திருந்தார். ஆனால் பாலத்தில் பஸ் ஏறும்போது, மகளை விட்டுவிட்டு வருவது சரியா என்ற பழைய கேள்வி வந்தால், இதில் பிழை என்று நான் தொட்டுக் காட்ட ஏதாவது இருக்கிறதா, அன்றைக்குக் காட்ட ஒரு நெல் தளம் இருந்ததுபோல, என்று என்னையே கேட்கிறேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருப்பதில்லை. இப்போதெல்லாம் அந்த ஒன்றும் இல்லாததை, எல்லாம் சரி என்று கறுப்புத் திரை சொல்லும் விதமாகவே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.